மில்லி என்கிற அளவைக்காரி

மில்லி என்பது அலுவலகம் வைத்த பெயர். மில்லிமீட்டர் என்பதைச் சுருக்கினால் அப்படி வரும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் ஒரு தெருவில் கழிவுநீர்க் குழாய்க்கு மட்டம் எடுத்துவிட்டு வந்தவள், கணக்கில் நாலு மில்லிமீட்டர் இடிக்கிறது, நாளைக்கு மறுபடி போகவேண்டும் என்றாள். மேலாளர் வாயைப் பிளந்தார். "நாலு மில்லிக்கா? கொசு உக்காந்தா கூட அவ்ளோ இறங்கும்மா!" மறுநாள் அவள் போனாள். நாலு, ஒன்றாகக் குறைந்தது. திரும்பி வருவதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. பின்னால் கட்டிக்கொண்டவனும் அதையே பிடித்துக்கொண்டான்.

அவள் வேலை, மண் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அளப்பது. முக்காலியின் மேல் கருவியை நிறுத்தி, அதன் கண்ணாடியில் வலது கண்ணை வைத்து, தூரத்தில் ஒருவர் நட்டுப் பிடித்திருக்கும் நாலு மீட்டர் கோலைப் பார்ப்பாள். வெள்ளைக் கோலில் சிவப்பும் கறுப்புமாகக் கட்டங்கள். குறுக்குக்கோடு எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். உயரம் தெரிந்த ஒரு புள்ளியில் கிளம்பி, நாலு தெரு சுற்றி, அதே புள்ளிக்கு வந்து சேரும்போது கணக்கும் வந்து சேர வேண்டும். சேராவிட்டால் எங்கோ தப்பு.

கோலைப் பிடிக்கிறவரை எல்லாரும் கோல்காரர் என்றே கூப்பிட்டார்கள். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். வெயிலில் சிலை மாதிரி நிற்பார். வாயைத் திறந்தால் உண்மை தவிர வேறு வராது. அதனால் அவருக்கு அலுவலகத்தில் நண்பர்கள் குறைவு.

கணவன் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன். நேரத்துக்கு வரும் வண்டிகளுக்கு இயந்திரமே பேசிவிடும். தாமதமாகிற வண்டிக்கும், தடம் மாறுகிற வண்டிக்கும்தான் மனிதக் குரல் வேண்டும். ஆகவே தான் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டே பாதி ஆயுளைக் கழித்தவன். வீட்டிலும் அதே குரல்தான். "பயணிகளின் கவனத்துக்கு. சமையலறையிலிருந்து புறப்பட வேண்டிய சாப்பாடு, அரை மணி நேரம் தாமதமாக வந்து சேரும்." அவள் கரண்டியோடு எட்டிப் பார்த்தால் ஒலிபெருக்கி அடங்கிவிடும்.

அவளுக்கு இருபத்தெட்டு வயதில் ஒரு காலை, சுற்றி முடித்து வந்தபோது கணக்குப் பத்து சென்டிமீட்டர் இடித்தது. மில்லி அல்ல, சென்டி. அவள் தலையில் இடி விழுந்தது போல நின்றாள்.

"கோல் சாஞ்சிருக்கும் அண்ணே."

"சாயல மேடம்."

"அடிமண் இறங்கியிருக்கும்."

"கல்லு மேலதான் வெச்சேன்."

மறுபடி சுற்றினார்கள். இந்த முறை ஏழு சென்டி. கண்ணாடியில் தூசி என்று நினைத்துத் துணியால் துடைத்தாள். கோலின் சிவப்புக் கட்டங்கள், பல தடவை துவைத்த துணி போல வெளுத்துக் கிடந்தன. கறுப்புக்கும் சிவப்புக்கும் வித்தியாசமே பிடிபடவில்லை. கோல் பழசாகிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தவள், எதற்கோ இடது கண்ணை வைத்துப் பார்த்தாள். சிவப்பு சிவப்பாகவே இருந்தது. கோல் புதுசு, கண்தான் வேலைநிறுத்தம். இரண்டு நாளாக அந்தக் கண்ணைத் திருப்பினாலே உள்ளே சுளீரென்று இழுத்துக்கொண்டிருந்ததையும் அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டாள்.

கண் மருத்துவர், பார்வை நரம்பில் வீக்கம் என்றார். மூன்று நாள் ஊசி மருந்து ஏற்றினார்கள். நாக்கில் இரும்பைச் சப்பியது போல ஒரு ருசி. ஆறு வாரத்தில் பார்வை திரும்பியது. தலையைப் படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. திரும்பவும் வரலாம், வராமலும் போகலாம் என்றார்கள். வராது என்ற பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் வேலைக்குப் போய்விட்டாள். இனி இடது கண்ணால் பார்ப்பது என்று முடிவு செய்தாள். கேட்டவர்களிடம் பழக்கத்தை மாற்றிக்கொள்வதாகச் சொன்னாள்.

முப்பது வயதில் மகள் பிறந்தாள். வயிற்றில் சுமந்த மாதங்களில் ஒரு தலைவலிகூட இல்லை. குழந்தைக்கு நாலு மாதமானபோது, மடியில் கிடந்தவளைக் குனிந்து பார்த்தாள். பிடரியிலிருந்து முதுகு வழியாகக் கால் கட்டைவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது. எங்கோ ஒயர் கசிகிறது என்று நினைத்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாற்காலியை மாற்றி உட்கார்ந்தாள். அங்கேயும் குனிந்தால் பாய்ந்தது. மூன்று அறையிலும் பாய்ந்தது. ஒரு வாரத்தில் இடுப்புக்குக் கீழே மரத்தது. செருப்பு காலில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். குனிந்தால் திரும்பவும் மின்சாரம்.

இந்த முறை நரம்பு மருத்துவரிடம் போனார்கள். நடு வயதுப் பெண்மணி, நிதானமாகப் பேசுகிறவர். புதுப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினார். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்த முடிவும் கையில் இருந்தது.

"மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு சொல்லுவோம். உடம்புல காவல் வேலை பாக்குற வெள்ளை அணுக்கள் இருக்கில்லையா, அதுல ஒரு கூட்டம் ஆள் அடையாளம் தெரியாம மூளைக்குள்ள புகுந்துடுது. ஒவ்வொரு நரம்பு இழை மேலயும் ஒரு கொழுப்பு உறை இருக்கும். அதைப் பிச்சுப் போட்டுடுது. உறை போன இடத்துல சேதி மெதுவா ஊர்ந்து போகும், இல்லன்னா பாதி வழியில நின்னுடும். பார்வை நரம்புல நின்னுச்சு, கண் மங்கிச்சு. இப்ப கழுத்துப் பக்கம் தண்டுவடத்துல."

"அப்ப கண்ணு எப்படி சரியாச்சு?"

"வீக்கம் வத்துச்சு. உடம்பும் கிழிஞ்ச உறையைக் கொஞ்சம் திருப்பிப் போர்த்திக்கும். ஆனா பழைய கனம் வராது. தழும்பு நின்னுடும்."

கணவனுக்கு முகம் வெளிறியிருந்தது. அவள் கைப்பையிலிருந்து பேனா எடுத்தாள். "மொத்தம் எத்தனை இருக்கு?"

"பதினொண்ணு."

"பெரியது?"

மருத்துவர் ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, திரையில் கோடு இழுத்து அளந்தார். "ஒன்பது மில்லிமீட்டர்."

அவள் குறித்துக்கொண்டாள். ஒன்பது மில்லி தனக்குச் சின்ன விஷயம் இல்லை என்று அப்போது நினைத்ததாகப் பின்னால் கணவனிடம் சொன்னாள்.

வாரத்துக்கு மூன்று ஊசி. தொடையில் தானே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தது போல உடம்பை அடித்துப்போட்டிருக்கும். இது நோயைத் தீர்க்கிற மருந்தில்லை, தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்கிற மருந்து என்று மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார். குறைந்தது. அடுத்த நாலு வருடத்தில் இரண்டே தடவை வந்தது. ஒவ்வொரு முறையும் கால் மரத்து, இரண்டு மாதத்தில் தெளிந்தது. முழுவதும் தெளிந்ததா என்றால் இல்லை. ஆனால் மிச்சமிருந்த குறை வெளியே தெரியாத அளவுக்குத்தான் இருந்தது. அவளும் அலுவலகத்தில் மூச்சு விடவில்லை.

சிறுநீர் அவசரம்தான் முதலில் காட்டிக்கொடுக்கப் பார்த்தது. வருகிறது என்று தெரிந்தால் இரண்டு நிமிடத்தில் கழிப்பறை வேண்டும். சாலை போடுகிற இடத்தில் பெண்ணுக்கு ஏது கழிப்பறை? ஒவ்வொரு தெருவிலும் கதவு திறக்கக்கூடிய வீடு எது, கடை எது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வாள். அந்த நகரத்தின் கழிப்பறைகளுக்கு வரைபடம் போடச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பாள்.

வெயில் இன்னொரு எதிரி. உறை மெலிந்த நரம்புக்கு அரை டிகிரிச் சூடு ஏறினாலே சேதி தடுமாறும். காலையில் பளிச்சென்று இருப்பவள், உச்சிவேளையில் கண் மங்கி, கால் பின்னி, நாக்குக் குழறி நிற்பாள். நிழலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டால் ஒன்றும் நடக்காதது போலாகிவிடும். பார்க்கிறவர்களுக்கு இது நோயாகத் தெரிய வாய்ப்பே இல்லை.

ஒரு கோடையில் அப்படித்தான் ஆனது. குழாய்ப் பள்ளத்தின் ஓரமாக நடந்தவள் தள்ளாடி மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். ஒப்பந்தக்காரர் ஓடி வந்து என்ன என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் வாய்க்குள்ளேயே புரண்டது. அவர் மூக்கைச் சுருக்கி மோந்து பார்த்தார். பிறகு அலுவலகத்துக்குத் தொலைபேசினார். "உங்க அளவைக்காரம்மா காலையிலயே ஏத்திக்கிட்டு வந்திருக்காங்க. இவங்க குடுக்குற மட்டத்துல குழாய் போட்டா தண்ணி மேல்நோக்கித்தான் ஓடும்."

மறுநாள் மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். அவருக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது. மேசைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தபடி கோல்காரரிடம் கேட்டார். "நேத்து மேடம் தள்ளாடினாங்களா?"

கோல்காரர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஆமா சார்."

"பேச்சு குழறிச்சா?"

"குழறிச்சு சார். இதுக்கு முன்னாடியும் மூணு நாலு தடவை."

"குடிச்சிருந்தாங்களா?"

"இல்ல சார். குடிச்சவங்க கணக்குக் கேட்டா கோவப்படுவாங்க. மேடம் உக்காந்தவாக்கிலயே ரீடிங்கைச் சரியாச் சொன்னாங்க. ஆனா என்னமோ இருக்கு. என்னான்னு எனக்குத் தெரியாது."

பொய் சொல்ல அவளுக்கு நாலைந்து வழி இருந்தது. வெயில், பட்டினி, மாதவிலக்கு. எதைச் சொன்னாலும் மேலாளர் நிம்மதியாக நம்பியிருப்பார். மில்லி கைப்பையைத் திறந்து மருத்துவரின் கடிதத்தை மேசைமேல் வைத்தாள். நாலு வருடமாக அதை எடுத்துக்கொண்டே அலைந்திருக்கிறாள்.

மேலாளர் இரண்டு தடவை படித்தார். "மூளையிலயா?" என்றார்.

"மூளையிலயும் தண்டுவடத்துலயும். கணக்கு வர்ற இடம் இன்னும் நல்லாத்தான் இருக்கு சார்."

அதன் பிறகு அவளுக்குக் காலை ஆறு முதல் பத்தரை வரை வெளிவேலை, மிச்ச நேரம் அறைக்குள் என்று மாற்றிக் கொடுத்தார்கள். கெட்டதில் ஒரு நல்லது. ஆனால் கோல்காரரோடு மூன்று வாரம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எண்களைத் தவிர இருவருக்கும் இடையில் வார்த்தை இல்லை. ஒன்று புள்ளி நாலு மூன்று இரண்டு. அடுத்து. ஒன்று புள்ளி ஒன்று பூஜ்யம் ஏழு. அடுத்து. நாலாவது வாரம் அவளே கேட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல அண்ணே?"

"கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

அவள் குனிந்து முக்காலியின் காலை இன்னொரு தடவை அழுத்தி ஊன்றினாள்.

"கோல்ல என்ன இருக்கோ அதைத்தானே மேடம் நாம எழுதணும்," என்றார் அவர். அவளுக்கு எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் வந்தது. தன் வேதத்தையே எடுத்துத் தனக்கு ஓதுகிறார் மனுஷர். அன்று வேலை முடிந்து திரும்பும்போது முக்காலியைத் தூக்க அவரை முதன்முறையாக விட்டாள்.

நாற்பது வயது வரை வண்டி ஓடியது. ஊசி போய் மாத்திரை வந்தது. ஐந்து வருடமாக ஒரு தாக்குதல் இல்லை. இதைக் கணவன் வீட்டில் முறைப்படி அறிவித்து, மூன்று பேரும் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததற்குத் தேதி கிடையாது. அதுதான் அவளுக்குப் பிடிபடாத சங்கதி. முன்பெல்லாம் இன்ன நாள் வந்தது, இன்ன நாள் போனது என்று எழுதி வைக்க முடியும். இப்போது எதுவும் வரவில்லை. ஆனால் போன வருடம் முடிந்தது இந்த வருடம் முடியவில்லை. வலது பாதத்தின் நுனி தரையைத் தட்டத் தொடங்கியது. முதலில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் தட்டியது, பிறகு அரை, பிறகு தெருமுனைக்குப் போவதற்குள். வலது செருப்பு மட்டும் முன்பக்கம் தேய்ந்தது. செருப்புக்கடைக்காரர் ஒற்றைச் செருப்பு விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதால் வீட்டில் இடது செருப்புகள் புதிதாக வரிசை கட்டி நின்றன.

வழக்கமான படம் எடுத்தபோது மருத்துவர் சொன்னார். "புதுசா ஒரு தழும்பும் இல்ல."

"அப்ப ஏன் மோசமாகுது?" என்றாள் மில்லி. குரலில் சண்டைக்கு வருகிற தொனி. "கணக்கு இடிக்குதே டாக்டர்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "முதல்ல வெளியிலேர்ந்து கூட்டமா வந்து அடிச்சுட்டுப் போச்சுங்க. மருந்து அதைத்தான் தடுக்குது. இப்ப மூளைக்குள்ளயே ஒரு சின்னக் கூட்டம் தங்கிடுச்சு. அது தணல் மாதிரி, பத்தி எரியாது, அணையவும் அணையாது. பழைய தழும்போட ஓரத்துல கொஞ்சம் கொஞ்சமா அரிக்கும். உறை இல்லாத இழை ஒண்ணுக்கு ரெண்டா உழைச்சுக் களைச்சுத் தானாவே பட்டுப்போகும். உறை மறுபடி வரும், இழை போனா வராது."

"இவ்ளோ நாள் ஏன் தெரியல?"

"மூளைக்கு மாத்து வழி போடத் தெரியும். ஒரு பாதை அடைச்சா பக்கத்துப் பாதை. அந்தக் கையிருப்பு இருக்கிற வரைக்கும் வெளிய தெரியாது. தீர்ந்தா ஒவ்வொண்ணாத் தெரியும்." பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வெள்ளைப் புள்ளிகள் அதே இடத்தில் இருந்தன. ஆனால் நடுவிலிருந்த கறுப்பு நீர்க்குழிகள் அகன்றிருந்தன. மேலே மடிப்புகளின் இடுக்குகள் பெரிதாகியிருந்தன. மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. சாதாரணமாக வயதுக்குச் சுருங்குவதைவிடக் கூடுதல்.

"எவ்ளோ கூடுதல்?"

மருத்துவர் சொன்னார். அவள் எழுதிக்கொண்டாள். திரும்பும்போது வண்டியில் கணவன் வழக்கமான குரலில் எதையோ அறிவிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு ஓட்டினான்.

பாதத்தைத் தூக்கிப் பிடிக்கப் பிளாஸ்டிக் தாங்கி ஒன்றை மாட்டிக்கொண்டாள். ஒரு கைத்தடி. வெளிவேலை நின்றது, மற்றவர்கள் அளவுகளை எழுதி வரும் ஃபீல்டு புத்தகங்களைச் சரிபார்க்கும் வேலை கொடுத்தார்கள். மேலாளர் அவளுக்காகக் கழிப்பறைக்குப் பக்கத்து அறையை ஒதுக்கினார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

முன்பு ஒரு பக்கத்தைப் பார்வையாலேயே கூட்டிக் கழித்துவிடுவாள். இப்போது ஒவ்வொரு எண்ணாகப் பிடித்து இழுத்துக்கொண்டு வரவேண்டியிருந்தது. யாராவது நடுவில் பேசினால் கையிலிருந்த எண் நழுவிவிடும். தெரிந்த சொற்கள் நாக்கின் நுனி வரை வந்து திரும்பிப் போயின. ஒரு நாள் 'முக்காலி' வரவில்லை. "அந்த... மூணு காலு..." என்று விரலைக் காட்டினாள். மகள், "முயலா, மூணு காலா?" என்று கேட்க, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகும் சொல் வரவில்லை.

நாற்பத்து நாலு வயதில், முந்தின மாதம் தானே கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒரு புத்தகத்தை வேறு காரியத்துக்காகத் திறந்தவள், ஒரு பக்கத்தின் கீழ்மூலையில் ஒன்று என்று இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருப்பதைக் கண்டாள். ஒரு மீட்டர். தான் பார்த்துச் சரி என்று போட்ட பக்கம். குழாய் இன்னும் இறக்கவில்லை. பள்ளம் தோண்ட நாலு நாள் பாக்கி இருந்தது. உடனே தகவல் சொல்லித் திருத்தினாள். யாருக்கும் நஷ்டமில்லை, தப்பு அவளுடையது என்று யாருக்கும் தெரியவும் தெரியாது. மேலாளரிடம் போய் உட்கார்ந்து, விலகுவதாகக் கடிதம் கொடுத்தாள்.

"யாருக்கும் நடக்கறதுதானே மில்லி," என்றார் அவர். தலை நரைத்திருந்தது.

"எனக்கு நடந்ததில்ல சார்."

"நீயேதானே கண்டுபிடிச்ச?"

"இந்தத் தடவை."

அவர் கடிதத்தை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் முதல் ஆறு மாதம் அவள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எதற்கெடுத்தாலும் அழுகை முட்டியது, அதுவும் நோயின் வேலையாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, "எதைத்தான் விட்டு வெச்சிருக்கு?" என்று கத்தினாள். அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். கேட்டது. உடற்பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வந்தாள். நீளமான நடைக்குச் சக்கர நாற்காலி வாங்கினார்கள். வீட்டுக்குள் பிடிமானக் கம்பிகள், எட்டிப் பிடிக்கிற தூரத்தில் ஒவ்வொன்றும். கம்பிகளின் உயரத்தை அவள்தான் சொன்னாள். ஆசாரி, "ரெண்டு மில்லி முன்னப்பின்ன இருந்தா என்னம்மா?" என்று தெரியாமல் கேட்டுவிட்டு, பாவம், ஒரு மணி நேரம் கூடுதலாக வேலை செய்தார்.

அவளுக்கு நாற்பத்தேழு ஆனபோது கணவனின் ரயில் நிலையத்தில் சக்கர நாற்காலிகளுக்காக இரண்டு சரிவுப் பாதைகள் கட்டினார்கள். அவன் ஆசையாக அழைத்துப் போனான். முதல் பாதையில் நாற்காலியைத் தள்ளியபோது அவனுக்கு மூச்சு வாங்கியது. இறங்கும்போது நாற்காலி அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. "இது தப்பு," என்றாள் மில்லி. கோல்காரருக்குத் தொலைபேசினாள். ஓய்வு பெற்றிருந்தாலும் பழைய கோலை அவர் விடவில்லை. ஒரு நாடாவையும் தண்ணீர் நிரப்பிய குழாயையும் வைத்து, கருவியில்லாமலே இரண்டு பாதைகளையும் அளந்தார்கள். அவள் மூன்று தடவை கூட்டினாள், கணவன் இரண்டு தடவை. பன்னிரண்டு மீட்டர் ஓடி ஏற வேண்டிய ஒரு மீட்டரை எட்டு மீட்டரிலேயே ஏற்றியிருந்தார்கள். ரயில்வேக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஏழு மாதம் கழித்து ஒரு பாதையை இடித்துச் சரியாகக் கட்டினார்கள். இன்னொன்று இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. கணவன் வாரம் ஒரு தடவை ஒலிபெருக்கியில், அந்தப் பாதையில் தனியாக இறங்கவேண்டாம் என்று பயணிகளை எச்சரிக்கிறான். மேலதிகாரி கேட்டதற்கு, பாதுகாப்பு அறிவிப்பு என்றானாம்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தொன்று. வீட்டுக்குள் சுவரைப் பிடித்துச் சில அடிகள் நடக்கிறாள். வலது கையும் கொஞ்சம் கொஞ்சமாக முரண்டு பிடிக்கிறது. விரல்களுக்குப் பிடிப்புப் போதவில்லை. அடுத்து என்ன, எப்போது என்று மருத்துவரிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். "வேகம் குறைவாத்தான் இருக்கு, ஆனா திசை மாறல," என்று அவர் ஒரு தடவை சொன்னதை ஏற்றுக்கொண்டாள். மகள் வெளியூரில் படிக்கிறாள்; தினமும் கூப்பிடுகிறாள். அம்மா சொல் தேடும்போது எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

காலை எட்டு முதல் பத்து வரைதான் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கும். பிறகு களைப்பு வந்து போர்வையைப் போல மூடிவிடும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு ஒரே ஒரு வேலை என்று வைத்திருக்கிறாள். தலைக்குக் குளிப்பது ஒரு நாள். அலமாரியை அடுக்குவது ஒரு நாள். கோல்காரர் வந்தால் பேசுவது ஒரு நாள். அன்றைக்கு வேறு எதுவும் கிடையாது. போன வியாழக்கிழமை வேலை, நகம் வெட்டிக்கொள்வது. வலது கை நகங்களை இடது கையால் வெட்டி முடித்தாள். இடது கையினுடையதை, மாலையில் வேலையிலிருந்து வந்த கணவன் கைகால் கழுவிக்கொண்டு வந்து, சன்னல் ஓரமாக உட்கார்ந்து வெட்டிவிட்டான்.